கீழ்ப்பாதியைக் காலியாக விட்டவர்

என் அப்பா தங்கராஜு பொறாமைக்காரர். இறந்தவரைப் பற்றி எழுதும்போது இப்படித் தொடங்கக் கூடாதுதான். ஆனால் அவரோடு பழகிய யாரும் இதை மறுக்க மாட்டார்கள். அவரிடமிருந்து மகளான எனக்கு வந்தவை அகன்ற நெற்றியும் இந்தக் குணமும்.

மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே டிராக்டர் ஓட்டியவர். வெட்டிய குலைகளைப் பாதையோரம் குவித்திருப்பார்கள். அவற்றை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. ஒருமுறை தோட்டத்துக்குப் புது டிராக்டர் வந்தது. நல்ல சிவப்பு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் லுக்குட் போய்ப் பெயின்ட் டப்பா வாங்கிவந்து, தன் பழைய டிராக்டரின் முகப்பில் அதைவிடச் சிவப்பாக அடித்தார். காயும்வரை பொறுமை இல்லை. அப்படியே குலை ஏற்றப் போய்ச் சட்டை, கை, நெற்றி எல்லாம் சிவப்பாகத் திரும்பி வந்தார்.

"டிராக்டருக்குப் பொட்டு வெச்ச மனுசன். எனக்கு ஒரு வளையல் வாங்கிக் குடுக்கத் தோணலையே அவருக்கு," என்று என் அம்மா பஞ்சாலை அந்தக் கதையை முடிப்பார்.

வேலை ஓய்வுக்குப் பிறகு லுக்குட்டில் ஒரு சிறிய வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கோயில் மட்டும் தோட்டத்திலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பா மோட்டார் சைக்கிளில் அங்கே போவார். பூஜைக்குப் பிறகு கோயிலை ஒட்டிய மண்டபத்தில் கூட்டுப் பாடல் நடக்கும். பாட்டுப் புத்தகங்கள் எண்ணிக்கையில் குறைவு, எழுத்து பொடி. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. பிறகு ஒருநாள், வேறொரு கோயிலில் பெரிய டிவி மாட்டிப் பாட்டு வரிகளை அதில் காட்டுகிறார்கள் என்ற செய்தி வந்தது. அப்பாவுக்கு அந்தக் கோயிலின்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"அவனுங்க டிவி வாங்கிட்டானுங்கலா. நாம இன்னும் புஸ்தகத்தை மூக்குல ஒட்டிக்கிட்டுப் பாடறோம்," என்று கோயில் தலைவர் அமிர்தலிங்கத்தை விடாமல் துரத்தினார். கடைசியில் பழைய புரொஜெக்டர் ஒன்று வந்தது. மண்டபத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டினார்கள். பாட்டு வரிகளை ஸ்லைடுகளாகப் போடும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். வேறு யாரும் தொடக் கூடாது. ஆனால் அவருக்குக் கணினி தெரியாது.

அங்கேதான் ரோகினி வந்தாள்.

ரோகினி அந்தத் தோட்டத்துப் பெண். என்னைவிட வயதில் மிகவும் சிறியவள். லுக்குட்டில் போட்டோஸ்டேட் கடை ஒன்றில் வேலை. வியாழக்கிழமை மாலை கடை முடிந்ததும் கோயில் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். அப்பா புத்தகத்தைப் பார்த்து வரிவரியாகப் படிப்பார். அவள் தட்டச்சு செய்வாள். இது பல மாதமாக நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

நான் சுங்கை காடுட்டில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். சிரம்பானில் வீடு. என் வேலையில் பாதி ஸ்லைடுதான். வாரந்தோறும் எந்த உற்பத்தி வரிசையில் எத்தனை பழுது, ஏன் பழுது என்று நிர்வாகத்துக்குக் காட்ட வேண்டும். எழுத்தை எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியும். எல்லா வரியும் ஒரே இடது ஓரத்தில் தொடங்க வேண்டும். வரிகளுக்கிடையே ஒரே இடைவெளி. தலைப்பு ஒரு வரியைத் தாண்டக் கூடாது. மேலும் கீழும் சம அளவு காலி இடம். எங்கள் பிரிவில் எல்லாரும் பயன்படுத்துவது நான் செய்துகொடுத்த டெம்ப்ளேட். ஜப்பானிலிருந்து வந்த மேலாளர்கூட அதைப் பாராட்டினார்.

ஒரு வியாழக்கிழமை வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அம்மா எடுத்தார்.

"அப்பா எங்கம்மா?"

"கோயில்ல. ரோகினிகூட ஸ்லைடு போடறாரு."

"என்ன போடறாரு?"

"ஸ்லைடுலா. நீ ஆபீஸ்ல போடுவியே, அதான். எனக்கு ஒரு மல்லித்தழை வாங்கிட்டு வரச் சொன்னா முட்டி வலிக்கும். அந்தப் பொண்ணு மெசேஜ் போட்டா வலியெல்லாம் எங்கயோ ஓடிப் போயிடும்."

அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரில் கேட்டேன். அப்பா வாசலில் மோட்டார் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்ப்பா என்கிட்ட கேக்கல? எனக்கு அதானே வேலை?"

"அதனாலதான்லா கேக்கல. வாரம் பூரா அங்க செய்யிற. இங்க வந்தும் அதையே செய்வியா? போய்த் தூங்கு."

அது அக்கறை. இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்று எனக்கு ஒரு கதவு சாத்திய சத்தம்தான் கேட்டது.

தன் போனில் ஸ்லைடுகளைக் காட்டினார். பெருமையாகக் காட்டினார். கருநீலப் பின்னணி. மஞ்சள் எழுத்து. இரு பக்கமும் குத்துவிளக்கு. இரண்டிலும் சுடர் ஆடியது. வரிகளின் வலது ஓரம் பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்தது. சாமி பெயரை இரண்டு வரியில் உடைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். வரி முடிவில் பெயர் வந்தால் முழுதாக அடுத்த வரிக்குத் தள்ளச் சொல்வார். அதையாவது ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எல்லா எழுத்தும் மேலேயே நெருக்கிக்கொண்டு நின்றது. கீழ்ப்பாதி வெறும் நீலம். எல்லா ஸ்லைடிலும்.

"கீழ இவ்ளோ எடம் சும்மா கெடக்கு. எழுத்தை நடுவுல கொண்டாந்தா நல்லாருக்கும்ப்பா."

போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ரோகினி அழகாத்தான் போட்டிருக்கா," என்றார்.

சின்ன வயதில் என் கையெழுத்தை யாராவது குறை சொன்னால் இதே குரலில்தான் பேசுவார். இப்போது அந்தக் குரல் வேறொருத்திக்காக ஒலித்தது.

ரோகினி அவரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். இங்கே அது வழக்கம். தெரிந்தவர் வீட்டுப் பெரியவர் எல்லாரும் அப்பா, அம்மாதான். நானே எத்தனையோ பேரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். அவள் கூப்பிடும்போது மட்டும் எனக்கு உறுத்தும்.

அப்பா லுக்குட் பாசாரில் விழுந்து இறந்தார். மீன் வாங்கிவிட்டு மோட்டாரை உதைத்துக் கிளப்பும்போது நெஞ்சைப் பிடித்தாராம். அப்போது நான் கூட்ட அறையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் திரையில் என் ஸ்லைடு. போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது.

ரோகினியின் கடை பாசாருக்கு எதிரே. அவள் ஓடிவந்து அப்பாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாளாம். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருந்தாளாம். பார்த்தவர்கள் எல்லாரும் எனக்கு அதைச் சொன்னார்கள். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்கள். சாவு வீட்டில் ஒவ்வொருவராக வந்து, அவள் மடியைப் பற்றி என்னிடம் பேசினார்கள். அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அந்த மடி என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அமிர்தலிங்கம் வீட்டுக்கு வந்தார். அவர் நல்ல உயரம். எங்கள் வாசற்படியில் குனிந்துதான் நுழைவார்.

"கோயிலுக்குள்ள வேணாம்மா. வெள்ளிக்கெழம மண்டபத்துல நினைவுப் பிரார்த்தனை வெச்சுக்கலாம். தங்கராஜு படத்துக்குத் தீபம் காட்டுவோம். அப்ப அவன் வாழ்க்கைய ஸ்லைடுல போட்டா நல்லாருக்கும். ரோகினி ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கா."

"நான் செய்றேன் மாமா," என்றேன்.

"இல்லம்மா, அந்தப் பொண்ணு ஏற்கனவே..."

"அவர் எங்கப்பா."

குரல் உயர்ந்துவிட்டது. அமிர்தலிங்கம் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார்.

"மவ செய்யட்டும் தலைவரே," என்றார்.

அன்றிரவும் அடுத்த இரவும் செய்தேன். அழுதுகொண்டு செய்யவில்லை. அழுகை வரும்போது வரி இடைவெளியைச் சரிசெய்தேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. விளக்கு கிடையாது. மேலே படம், கீழே எழுத்து. பிறப்பு, வேலை, கல்யாணம், கோயில். எந்த ஸ்லைடிலும் நான்கு வரிக்கு மேல் இல்லை. சாமி பெயர் எங்கும் உடையவில்லை. அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். கடைசி ஸ்லைடில் மேலே அவர் படம், கீழே ஒரு வரி: 'அன்பு மனைவி பஞ்சாலை, ஒரே மகள் திலகா.' முதலில் 'மகள் திலகா' என்றுதான் இருந்தது. 'ஒரே' என்பதைப் பிறகு சேர்த்தேன். அதை ஒருத்தி படிக்க வேண்டும் என்றுதான் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே மண்டபத்துக்குப் போனேன். ரோகினி ஏற்கனவே அங்கே இருந்தாள். மண்டபத்தின் பின்பக்கம் ஒரு மேசை. அதன்மேல் புரொஜெக்டரும் கோயில் லேப்டாப்பும். மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள். மற்றது அப்பாவுடையது.

"வாங்கக்கா. தலைவர் சொன்னாரு. உங்களுதையே போட்டுக்கலாம்." அழுது வீங்கிய கண். என் கண்ணைவிட வீங்கியிருந்தது. அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

"நீ செஞ்சத பாக்கலாமா?"

தயங்கித் திறந்தாள். கருநீலம், மஞ்சள், ஆடும் விளக்குகள். எழுத்து எல்லாம் மேலே. ஆனால் நான் பார்த்தது படங்களை. கோயில் அலுவலக நாற்காலியில் வாய் திறந்து தூங்கும் அப்பா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையடியில் தேடும் அப்பா. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, யாரும் கேட்டுவிடுவார்களோ என்று கையால் மறைக்கும் அப்பா. என்னிடம் இருந்தவை, டிராக்டர் படங்களைத் தவிர, எல்லாம் கல்யாண வீட்டுப் படங்கள். நேராக நிற்பார், சட்டைப் பையில் பேனா. இந்த மனிதர் என்னிடம் இல்லை.

"நல்லாருக்கு," என்று மூடினேன். அந்தப் படங்களைக் கேட்கவில்லை. கேட்டால் அவளிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

என் ஸ்லைடுகளை ஓட்டிக் காட்டினேன். ரோகினி கடைசிவரை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, அப்பா எப்பவும் கீழ எழுத்து வெக்க விடமாட்டாரு. கொஞ்சம் மேல ஏத்திடலாமா?"

அந்த வாக்கியத்தில் எனக்குக் கேட்டது 'அப்பா' மட்டும். எங்கப்பா எப்பவும் என்ன செய்வார் என்று இவள் எனக்குச் சொல்லித்தருகிறாள்.

"சரியாதான் இருக்கு," என்றேன். "நான் பாத்துக்கறேன்."

அவள் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்தது. எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாடல்கள் முடிந்தன. வெள்ளைத் துணியின் அடியில் முக்காலியில் அப்பாவின் படம், மாலை. அமிர்தலிங்கம் தீபத்தட்டை எடுத்தார். என் பக்கம் தலையசைத்தார். முதல் ஸ்லைடைப் போட்டேன்.

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

தீபம் காட்டும்போது எழுந்து நிற்காமல் வேறென்ன செய்வார்கள்? எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் செய்யும்போது என் மனதில் இருந்தது எங்கள் கூட்ட அறை. அங்கே எல்லாரும் உட்கார்ந்தே இருப்பார்கள்.

துணியின் கீழ்ப்பாதி காணாமல் போனது. தலைகள். கொண்டைகள், மல்லிகைச் சரங்கள், வழுக்கைகள். நடுவில் எல்லாவற்றுக்கும் மேலாக அமிர்தலிங்கத்தின் தலை. பூப் போட மக்கள் முன்னால் நகர நகர இன்னும் மறைந்தது. நான்கு வரியும் போய்விட்டது. படம் மட்டும் தெரிந்தது. அடுத்த ஸ்லைடும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்பது இன்னும் மோசம்.

"அது அந்த டிராக்டர்லா, செவப்பு."

"இது வேற. இது பெயின்டு அடிச்சது. என் சட்டைலயும் ஒட்டுச்சு அன்னிக்கு."

"பேனா பாரு, பேனா. எழுதற மாதிரியே நிப்பான்."

நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. பின்னால் மேசையருகே நின்று நான் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். ரோகினி என் பக்கத்தில் எழுந்து நின்றாள். 'சொன்னேனே' என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளை வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஸ்லைடு. அப்பாவின் முகம். அதற்குக் கீழே தலைகள்.

ரோகினி குனிந்து புரொஜெக்டரின் முன்பக்கத்தை இரு கையாலும் பிடித்துத் தூக்கினாள்.

படம் துணியிலிருந்து மேலே ஏறியது. அப்பாவின் கண்கள் சுவருக்குப் போயின, நெற்றி உத்தரத்தில் மடிந்தது, சுழலும் மின்விசிறி அதை வெட்டிக்கொண்டிருந்தது. மேலே அகன்று, கீழே குறுகி, கோணலாக. தலைகளுக்கு மேலே, துணியின் மேல் ஓரத்தில் அந்த ஒற்றை வரி வந்து நின்றது. அன்பு மனைவி பஞ்சாலை, ஒரே மகள் திலகா.

எல்லாரும் படித்தார்கள். ஒருசிலர் வாய்விட்டே படித்தார்கள். திரும்பி என்னைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பழைய புரொஜெக்டர். சூட்டுக் காற்று பக்கவாட்டில்தான் வரும். ரோகினியின் கை அங்கேதான் இருந்தது. தீபம் கீழே இறங்கும்வரை அவள் அதை இறக்கவில்லை. அவள் உதடு அசைந்தது. அவளும் படித்தாள். 'ஒரே' என்பதையும் சேர்த்துத்தான் படித்திருப்பாள்.

பிறகு சுண்டல் கொடுத்தார்கள். அமிர்தலிங்கம் என்னிடம் வந்தார்.

"எல்லாம் என் தலையாலதான்மா. உங்கப்பனுக்கும் எனக்கும் இதே சண்டைதான் அன்னிக்கு. 'கடைசி வரி ஒருத்தருக்கும் தெரியல, உக்காந்து தீபம் காட்டுடா'ன்னான். உக்காந்து எப்படிலா காட்டறது? அடுத்த வாரம் வந்து பாக்கறேன், எழுத்தெல்லாம் மேல ஏறிக்கிச்சு. 'பாத்தியா, எனக்குப் பயந்துட்ட'ன்னேன். 'ஒனக்குப் பயந்து இல்லடா, ஒன் தலைய மதிக்கல, அதான் அதுக்கு மேல ஏறிட்டேன்'ன்னான்." சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைய, சுண்டல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரோகினி குழாயடியில் கையை நனைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். விரல் நுனிகள் சிவந்திருந்தன.

"சுட்டுடுச்சா?"

"இல்லக்கா. கூட்டம் ஜாஸ்தியானா எப்பவும் செய்றதுதான். அப்பா தூக்குவாரு, நான் பட்டன தட்டுவேன்."

நன்றி சொன்னேன். பாசாரில் நடந்ததற்கும் சேர்த்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். பொறாமை போய்விட்டதா என்று எனக்குள் பார்த்தேன். போகவில்லை. எப்பவும் செய்றதுதான் என்று அவளால் சொல்ல முடிகிறது. என்னால் முடியாது.

அடுத்த வியாழக்கிழமை வேலை முடிந்து சிரம்பானுக்குத் திரும்பவில்லை. காரை நேராகத் தோட்டத்துக்கு விட்டேன். கோயில் அலுவலகத்தில் விளக்கு எரிந்தது. ரோகினி தனியாக உட்கார்ந்து, புத்தகத்தை ஒரு கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் வரி படிக்கறேன்," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. அப்பாவின் நாற்காலியில் அவள் பை இருந்தது. அதை எடுக்கவும் இல்லை. லேப்டாப்பை மட்டும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எனக்கு அந்த அசைவு தெரியும். அப்பா நாசி லெமாக் பொட்டலத்தை மறைக்கும் அதே அசைவு.

"ரோகினி, அவர் தூங்கற படம் ஒண்ணு வெச்சிருந்தியே. எனக்கு அனுப்பறியா?"

"பாக்கறேன்கா," என்றாள். "அந்த போன் வீட்ல இருக்கு."

போன் அவள் கையருகே மேசைமேல் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

சுவரோரம் கிடந்த வேறொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். புத்தகத்தை வாங்கி அவள் விட்ட வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.